பேக்கப் இருக்கிறது... திறந்து பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31. சர்வதேச நேரப்படி இரவு 11 மணி தாண்டியிருந்தது. 'கிட்லேப்' நிறுவனத்தின் இன்ஜினீயர் ஒருவர், சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில் அவருக்குப் பகீரென்றது. அது வேறு சர்வர்! உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து, பலரும் சேர்ந்து வேலை பார்க்கும் இணையதளம் கிட்லேப். யார் உறுப்பினர், எந்த புராஜெக்ட் யாருடையது, யார் என்ன கமென்ட் போட்டார்கள் என்ற விவரங்களெல்லாம் 'போஸ்ட்கிரெஸ்' என்கிற டேட்டாபேஸில் இருந்தன. அதைத்தான் அந்தக் கட்டளை அழித்தது.

இரண்டு சர்வர், ஒரு குழப்பம்

இந்த டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று முதன்மை. அதில் நடக்கும் மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுத்துக்கொள்வது இரண்டாவது. அன்று ஸ்பேம் ஆசாமிகளின் தொல்லையால் சுமை எகிற, இரண்டாவது சர்வர் பின்தங்கி, நகலெடுப்பது நின்றுபோனது. அதிலுள்ள பழைய டேட்டாவை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தார்கள். பல முறை முயன்றும் சரிவரவில்லை. அந்த அலுப்பில், இரண்டாவது சர்வரில் கொடுக்க வேண்டிய கட்டளை முதன்மை சர்வருக்குப் போய்விட்டது.

'அதனால் என்ன, பேக்கப் இருக்குமே' என்றுதான் தோன்றும். இருந்தது, பெயரளவில்!

கைவிட்ட பேக்கப்கள்

தினமும் டேட்டாபேஸை நகலெடுத்து அமேசான் கிளவுடில் சேமிக்க ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன். நகலெடுக்கும் புரோகிராமோ பழைய 9.2 வெர்ஷனில் ஓடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் எரர் வந்து நின்றிருக்கிறது.

எரர் வந்தால் இமெயில் வர வேண்டுமே? அனுப்பப்பட்டது. ஆனால், பாதுகாப்பு விதிப்படி கையொப்பம் இல்லாத மெயில் என்று அதைப் பெறும் சர்வரே திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க்கை அப்படியே படமெடுத்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதியும் டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவில்லை. ஐந்து வழிகள் இருந்தும் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை என்று நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

காப்பாற்றியது ஒரு தற்செயல். விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக அதே இன்ஜினீயர் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தார். அது இருந்த டிஸ்க் மெதுவானது என்பதால், மீட்டெடுக்கச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. அந்த வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். புரோகிராம்கள் தப்பின. ஆனால், அந்த 6 மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய உறுப்பினர் கணக்குகளின் விவரங்கள் போனது போனதுதான்.

டெவலப்பர்கள் என்ன செய்யலாம்?

* பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கும் சோதனையை ஆட்டோமேட்டிக்காக நடத்துங்கள். கிட்லேப் எடுத்த முக்கிய முடிவுகளில் இதுவும் ஒன்று.

* இரண்டாவது சர்வர் பேக்கப் ஆகாது. முதன்மையில் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் சேர்ந்தே நகலாகிவிடும்.

* 'பேக்கப் தோற்றுவிட்டது' என்ற மெயிலை மட்டும் நம்ப வேண்டாம். இன்றைய ஃபைல் வந்து சேரவில்லை என்றாலோ, அதன் அளவு திடீரெனக் குறைந்தாலோ அலாரம் அடிக்க வேண்டும்.

* எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்செனத் தெரியும்படி, திரையில் பெயரும் நிறமும் மாற வேண்டும்.

* டேட்டாவை அழிக்கும் எஸ்.க்யூ.எல் கட்டளையை 'டிரான்ஸாக்‌ஷன்' என்ற வளையத்துக்குள் கொடுங்கள். எத்தனை வரிகள் அழிந்தன என்று பார்த்த பிறகு உறுதி செய்யலாம்; தவறென்றால் 'ரோல்பேக்' கொடுத்துத் திரும்பலாம்.

விபத்துக்குப் பின் வெளியிட்ட அறிக்கையில், கட்டளை கொடுத்தவரை 'குழு உறுப்பினர் 1' என்று மட்டுமே கிட்லேப் குறிப்பிட்டது. அசதியில் கை தவறுவது யாருக்கும் நடக்கும். ஆனால், பேக்கப் வெறுமையாகக் கிடந்ததை யாருமே பார்க்காமல் இருந்தது அந்த ஒருவரின் தவறு அல்ல.

சாஃப்ட்வேர் பக்கமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் கிளவுடில் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ லாகின் செய்து, அதில் நாலு போட்டோக்களைத் திறந்து பாருங்கள்.