கையில் தொழில் இருக்கிறதா? காகிதத்தையும் பாருங்கள்!

தஞ்சை மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு அருகே இருக்கிறது திருப்பனந்தாள். இங்குள்ள காசி மடம் புகழ் பெற்றது. 17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குச் சென்று அமைத்த மடம் இது. அடுத்த நூற்றாண்டில் அதன் தலைமையிடம் இங்கே வந்தது. தொலைதூரப் பயணம் இந்த ஊருக்குப் புதிதல்ல!

அன்று கப்பல்

அந்தக் காலத்தில் தஞ்சை மக்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். "ரஜூலா" என்ற கப்பல் அவர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு போயிற்று. பலர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கூலி வேலை பார்த்தார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. அரபு நாடுகளில் பணம் குவிந்தது. சாலை போட்டார்கள், மாளிகை கட்டினார்கள். கொத்தனார், தச்சர், வெல்டர், டிரைவர் எல்லோரும் தேவைப்பட்டார்கள். காவிரியில் தண்ணீர் குறைந்தால் வயலில் வேலை ஏது? தொழில் தெரிந்தவர்கள் விமானம் ஏறினார்கள்.

2015-ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர்! அவர்களில் அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர்.

தொழிலுக்கு ஒரு வழி

எல்லாத் தொழிலுக்கும் வழி ஒன்றல்ல.

சிங்கப்பூரில் கட்டட வேலையா? முதலில் திறமைச் சோதனையில் தேற வேண்டும். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்கு வரி கட்டுகிறார். 2024-ல் சாதாரணத் தேர்ச்சி உள்ள இந்தியருக்கு இந்த வரி 900 வெள்ளி. உயர்ந்த தேர்ச்சி உள்ளவருக்கு 500 வெள்ளிதான். ஆகவே, தொழிலில் கெட்டிக்காரருக்கே மவுசு!

வளைகுடா நாடுகளுக்கு வேறு வழி. 10-ம் வகுப்பு தேறாதவர் அங்கே வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். நர்சுகளுக்கோ, படிப்பு இருந்தாலும் 2015 முதல் இந்த அனுமதி தேவை.

இது வீண் தொந்தரவு அல்ல. வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தருகிறார்கள். இவ்வாறு செல்பவருக்கு இன்சூரன்சும் உண்டு. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கையெழுத்துக்கு முன்

தொழில் தெரிந்தவர் ஏமாறுவது எங்கே? காகிதத்தில்தான்! வெல்டர் வேலை என்று ஏஜெண்டு சொல்வார். ஒப்பந்தத்தில் "கூலியாள்" என்று இருக்கும். அங்கே போய் மூட்டை சுமக்க நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது?

ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம், வரி நீங்கலாக, 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஆள் அனுப்புவதற்கென்றே தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978-ல் தொடங்கப்பட்டிருக்கிறது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்த ஆசிரியரிடம் காட்டுங்கள். வேலையின் பெயர், சம்பளம், வேலை நேரம்: மூன்றையும் வீட்டில் எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு கையெழுத்துப் போடலாம்!