பழைய உழவு இயந்திரமும் அதன் மானிகளும்

பெரும்போகத்தின் முதல் மழை பெய்து நிலம் பதமடைந்தவுடன் உழவு தொடங்குதல் வேண்டும். அவ்வேளையில் உழவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிடுமாயின், கமக்காரர் இழப்பது ஒரு நாட் கூலி மட்டுமன்று. நிலத்தின் பதமும் விதைப்புக் காலமும் கைவிட்டுப் போகின்றன.

புதிய இயந்திரம் வாங்க வசதியில்லாத கமக்காரர் பலர், பிறரிடம் உழைத்த இயந்திரத்தையே வாங்குகின்றனர். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த மாசி பேர்கசன் 135 போன்ற பழைய வண்டிகள் இன்றும் வயல்களில் உழைக்கின்றன. இத்தகைய வண்டிகளின் எஞ்சின் திடமாயிருப்பினும், சாரதியின் முன்னுள்ள மானிகள் பழுதுற்றிருப்பது உண்டு. முள் ஒன்று தவறாக நிற்கும்போது பழுது எஞ்சினிலா, மானியிலா என்பதை அறிதலே பழைய வண்டியை ஆள்பவருக்கு வேண்டிய முதல் அறிவாகும்.

இருவகைத் தவறுகள்

சேற்றுழவின்போது எண்ணெய் அமுக்க மானியின் முள் பூச்சியத்துக்கு இறங்குகின்றது என வைத்துக்கொள்வோம். ஒருவர், "பழைய மானிதானே" என்று எண்ணி, எஞ்சிய வயலையும் உழுது முடிக்க முற்படுகின்றார். மானி கூறியது மெய்யாயின், எண்ணெய் கிடையாத பேரிங்குகள் சில நிமிடங்களிற் கெட்டு, கிராங் தண்டும் பிடித்துவிடும். வேறொருவர் முள்ளை முற்றாக நம்பி எஞ்சினைக் கழற்றுவிக்கின்றார். பெருஞ்செலவு செய்த பின்னரே, கழன்றிருந்த கம்பி ஒன்றே குற்றத்துக்குக் காரணம் என்பது தெரியவருகின்றது.

இவ்விரு தவறுகளையும் தவிர்க்கும் ஒழுங்கு மூன்று படிகளைக் கொண்டது. முள் ஆபத்தைக் காட்டினால் எஞ்சினை நிறுத்துக. நிறுத்திய பின் மானியைச் சோதிக்க. மானி மெய் கூறுகின்றது எனத் தெளிந்த பின்னரே எஞ்சினைத் திறக்க.

எல்லா முட்களும் ஒருங்கே கெட்டால்

எண்ணெய், வெப்பம், எரிபொருள் ஆகிய யாவும் ஒரே நாளிற் பழுதடைவது அரிது. மின்னால் இயங்கும் மானிகள் பல ஒருங்கே செயலற்றால், அவற்றுக்குப் பொதுவான மின்வழியிலேயே குற்றம் இருத்தல் கூடும். பியூசையும், மானிகளுக்கு மின் கொண்டுவரும் கம்பியையும், பற்றரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியையும் பார்த்தல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோரப் பகுதிகளில் இவ்விணைப்புகள் விரைவில் களிம்பேறும். பற்றரியைக் கழற்றிவிட்டு, இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பல வேளைகளில் முட்கள் மீண்டும் அசையும்.

எண்ணெய் அமுக்க மானி

எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் விட்டு, அளவுகோலை இழுத்து எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க. மட்டம் குறைந்திருப்பின் ஒழுக்கு எங்கே எனத் தேடுக. மட்டம் வழக்கத்திலும் உயர்ந்து, எண்ணெய் நீர்த்து டீசல் மணம் வீசுமாயின், எரிபொருள் ஊட்டும் பம்பியின் மென்றகடு கிழிந்து டீசல் எண்ணெயோடு கலந்திருத்தல் கூடும். எண்ணெய் பாலைப்போல வெளுத்திருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. இம்மூன்றில் எது காணப்படினும், அதனைத் திருத்தாது எஞ்சினை இயக்கலாகாது.

மட்டமும் நிறமும் சரியாயிருப்பின் மானியைச் சோதிக்கலாம். சில வண்டிகளில் மெல்லிய செப்புக்குழாய் ஒன்று எண்ணெயை மானிக்கே கொண்டு செல்கின்றது. அது நசுங்கியோ அடைபட்டோ இருப்பின் முள் எழாது. எஞ்சின் ஓடும்போது அக்குழாயைக் கழற்றலாகாது. சூடான எண்ணெய் பீறிட்டு உடலைச் சுடும். ஐயந்தீர, நல்லதென அறியப்பட்ட வேறொரு மானியை அதே துவாரத்திற் பூட்டிச் சிறிது நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்க. டீசல் உழவு இயந்திரங்கள் பலவற்றில், எஞ்சின் சூடேறி வேலை வேகத்தில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை அமுக்கம் இருக்கும். வண்டியின் கைந்நூலிற் கூறப்பட்ட அளவே முடிவானது. புதிய மானியும் தாழ்ந்த அளவையே காட்டினால் பம்பியோ பேரிங்கோ தேய்ந்திருத்தல் கூடும். அப்பொழுது மெக்கானிக்கை அழைத்தல் தகும்.

வெப்ப மானி

முள் சூட்டின் பக்கம் ஏறினால், முதலில் ரேடியேற்றரின் முகத்தைப் பார்க்க. பதரும் வைக்கோற் தூசும் சேறும் அதனை அடைத்திருக்கும். விசிறிப் பட்டி தளர்ந்திருத்தலும், நீர் ஒழுகுதலும் ஏனைய காரணங்களாகும். சூடாயிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறத்தல் கொடிய தீங்கை விளைவிக்கும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரை வார்த்தால் வார்ப்பிரும்பு வெடிக்கலாம். ஆறும்வரை பொறுத்து, பின்னர் சிறிது சிறிதாக நீர் விடுதல் வேண்டும்.

இம்மானியின் வஞ்சகம் ஒன்றை எல்லாரும் அறிந்திருத்தல் நன்று. நீர் பெரிதும் ஒழுகி, உணர்குமிழுக்குக் கீழே மட்டம் இறங்கிவிட்டால், குமிழ் நீரைத் தொடாது வெறும் வெளியில் நிற்கும். அப்பொழுது எஞ்சின் எரிந்து கொண்டிருக்கவும் முள் குளிரைக் காட்டக்கூடும். சூட்டிலே நின்ற முள் திடீரெனக் குளிருக்கு இறங்குமாயின் மகிழலாகாது. உடனே எஞ்சினை நிறுத்துக.

குழாயோடு கூடிய வெப்ப மானியாயின், குமிழைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். தாழ்நிலத்தில் முள் ஏறக்குறைய 100 பாகை சதமம் காட்டுதல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்குமாதலால், அங்குள்ள மரக்கறிச் செய்கையாளர் அதற்கேற்பக் கணித்தல் வேண்டும். முள் அசையாவிடின் மானியைக் குழாயோடு சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.

மின்கம்பியுள்ள மானியாயின், சாவியைத் திறந்து, உணர்கருவியிலுள்ள கம்பியைக் கழற்றி, எஞ்சினின் துப்புரவான இரும்பில் ஒரு கணம் தொடுக. தொடும்போது முள் ஒரு முனைக்கும், எடுக்கும்போது மறு முனைக்கும் சென்றால் மானியும் கம்பியும் நல்லன, உணர்கருவியே கெட்டது. முள் அசையாவிடின் குற்றம் கம்பியிலோ மானியிலோ உண்டு.

அம்பியர் மானியும் எரிபொருள் மானியும்

எஞ்சின் ஓடும்போதும் அம்பியர் மானியின் முள் கழித்தற் பக்கத்திலே நிற்குமாயின், பற்றரி மின்னை இழந்து கொண்டிருக்கின்றது. எஞ்சினை நிறுத்தி விசிறிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்துக. அரை அங்குலமளவிலும் மிகுதியாகத் தாழ்ந்தால் பட்டியை இறுக்குக. அதன் பின்னரும் முள் திரும்பாவிடின் டைனமோவைச் சோதிப்பிக்க வேண்டும். இக்குற்றத்துடன் பழைய டீசல் எஞ்சின் தொடர்ந்து ஓடக்கூடும். ஆயினும் மறுநாட் காலை கிளப்ப முடியாது போகும்.

எரிபொருள் மானியை ஐயுறுவோர் துப்புரவான உலர்ந்த கோலால் தாங்கியை அளந்து பார்க்கலாம். டீசல் முற்றாகத் தீர்ந்தால் குழாய்களிற் காற்றுப் புகுந்துவிடும். அதனை வெளியேற்றாது எஞ்சின் கிளம்பாது. ஆதலால் வேலை முடிந்த மாலையிலேயே தாங்கியை நிரப்புதல் நன்று. இரவுக் குளிரில் தாங்கியினுள்ளே நீர் துளிப்பதையும் இது குறைக்கும்.

மானி கூறாத குறிகள்

எஞ்சினுக்கு மானிகளேயன்றி வேறு சாட்சிகளும் உள. இடைவிடாத கரும்புகை, காற்று வடியின் அடைப்பையோ மிகையான எரிபொருளையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை வந்து, ரேடியேற்றர் நீரும் குறையுமாயின், நீர் எரியறையினுட் செல்கின்றது என ஐயுறுதல் வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

பழைய வண்டியை வாங்கச் செல்வோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பின் கிளம்புவதிலுள்ள குறை மறைந்துவிடும். கிளப்புமுன், சாவியைத் திறக்கும்போது முட்கள் அசைகின்றனவா என நோக்குக. கிளப்பியபின் அரை மணி நேரமேனும் சுமையோடு ஓட்டி, சூடேறிய நிலையில் எண்ணெய் அமுக்கத்தைப் பார்க்க. மணிக்கணக்கு மானி சிறு தொகையைக் காட்டுவது கொண்டு மயங்கலாகாது. அது நின்று போயிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். தேய்ந்த மிதிகளும் ஆடும் சக்கரங்களும் வண்டியின் வயதைக் கூறும்.

வாங்கிய பின் போகம் தொடங்குமுன்னரே மானிகள் யாவற்றையும் சீர்ப்படுத்துக. எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிடின் மானியின் விலை மிகச் சிறிது. நாள்தோறும் கிளப்பியவுடன் முட்கள் நிற்கும் இடங்களை நோக்கிப் பழகியவருக்கு, அவை ஒரு நாள் இடம் மாறி நிற்பது உடனே புலப்படும். அன்று அரை மணி நேரம் நிறுத்திச் சோதிப்பவர் அப்போகத்தின் உழவை இழவார்.

அங்ஙனம் சோதியாது ஓட்டுபவரே அதனை இழப்பவர் என்பதையும், சோதிப்பவர் பெரும்பாலும் அன்று மாலைக்குள் மீண்டும் வயலில் இறங்கலாம் என்பதையும் கமக்காரர் மனத்திற் கொள்வாராக.