எருமையும் புல்வெளியும்

2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழையைக் கண்ட நீலகிரியின் அவலாஞ்சியை நினைத்தால், வறட்சிக் காலத்துப் பால்வளத்தைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும், தை பிறந்தது முதல் இரவின் உறைபனியும் பகலின் வெயிலும் மாறி மாறித் தாக்கி உதகைப் பக்கத்துப் புல்லைக் கருக்கிவிடும் மாதங்களில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் தம் எருமைகளை ஈரம் வற்றாத குந்தா மலைச் சரிவுகளுக்கு ஓட்டிச் சென்று, மழைக்குப் பின் தம் குடியிருப்புகளான மந்துகளுக்குத் திரும்பிய பழைய வழக்கத்தில், தீவனத்தை விலைகொடுத்து வாங்காமல் மந்தையைக் காக்கும் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. அந்த எருமை கறக்கும் பால் சொற்பமே. ஆனால் அதில் கொழுப்புச் சத்து நூற்றுக்கு 8 பங்கு வரை உண்டு, பசும்பாலைப்போல் ஏறக்குறைய இருமடங்கு.

மலைக்குக் கீழே, உண்மையான வெப்ப பூமியான காங்கயத்திலும் இதே தத்துவத்தைக் காணலாம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மர நிழலும், அம்மரம் உதிர்க்கும் காய்களும் மாடுகளைக் கோடையிலும் போஷிக்கின்றன. அசை போடும் வயிற்றிலேயே உஷ்ணம் பிறப்பதால், மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கறக்கும் அந்நிய இனங்கள் வெயிலில் வாடிவிடும்; நாட்டு இனமோ அளவோடு கறந்து தாங்கி நிற்கும்.

நீலகிரியிலோ, சீகை மரங்களும் கற்பூர மரங்களும் நட்டு வளர்க்கப்பட்டு, எருமைகளின் மேய்ச்சல் நிலம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எருமையைக் காக்க விரும்பும் அரசாங்கமும் நாமும் முதலில் அந்தப் புல்வெளியை மீட்டுக் கொடுக்க வேண்டும்.