பள்ளித் தொலைபேசியில் அழைப்பவர் பெயர் வரவில்லையா?

சென்ற தவணையில் சுங்கை சிப்புட்டில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்குக் கடும் காய்ச்சல். அலுவலகத்திலிருந்து அவளுடைய அம்மாவை நான்கு முறை அழைத்தோம், எடுக்கவே இல்லை. ஈப்போவில் வேலை முடிந்து மாலையில் ஓடி வந்தவர், "பேர் வரல டீச்சர், வெறும் நம்பர்தான். ஸ்கேம்னு நெனச்சிட்டேன்" என்று அழுதார். அவர்மேல் தப்பில்லை. மோசடிப் புகாருக்கென்றே 997 என்ற எண் இயங்கும் நாடு இது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்வோம். வெளியழைப்பில் பெரும்பாலும் எண் மட்டுமே வருகிறது. பெயரை நம் கருவிதான் தன் பட்டியலில் தேடிக் காட்டுகிறது. ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்க.

1. அறைக்கு அறை பேசும்போது பெயர் வரலையா? அந்தப் பெயர்கள் கீஃபோன் பெட்டியில் பதிவாகியிருக்கும். மின்சாரம் போய் வந்தபின் மறைந்திருந்தால், திரையில் நேரத்தையும் பாருங்க. அதுவும் தவறாக இருந்தால் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பேட்டரியை மாற்றிப் பெயர்களை மீண்டும் பதியும்படி டெக்னீஷியனிடம் சொல்லுங்க.

2. எண் வருது, பெயர் வரலையா? அழைப்பு 05 என்ற வட்டார எண்ணோடு வரும். நீங்கள் 05 இல்லாமல் பதிந்திருந்தால் சில கருவிகளில் இரண்டும் பொருந்தாது. திரையில் வந்த எண்ணை அப்படியே பதியுங்க.

3. எண்ணும் வரலையா? எண் காட்டும் சாதாரணத் தொலைபேசி ஒன்றை, பெட்டிக்குப் போகும் லைனில் நேரடியாகச் செருகிக் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்க. எண் தெரிந்தால் கோளாறு பெட்டியில். தெரியாவிட்டால் லைனில், அல்லது எண் காட்டும் சேவையே திறக்கப்படவில்லை.

எங்கள் சிக்கல் இவை எதுவுமில்லை. பள்ளிக்கு இரண்டு லைன். அந்த அம்மா ஒன்றைத்தான் கைப்பேசியில் பதிந்திருந்தார். அன்று அழைப்பு மற்றதன் வழியாகப் போயிருக்கிறது. இப்போது பெற்றோர் கூட்டத்தில் இரண்டு எண்களையும் கொடுத்து, அங்கேயே பதியச் சொல்கிறோம். உங்கள் பள்ளியிலும் ஒவ்வொரு லைனிலிருந்தும் உங்கள் கைப்பேசிக்கே அழைத்து, வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்க.

பெற்றோரிடம் இதையும் சொல்லிவையுங்கள்: எண்ணைப் போலியாகவும் காட்ட முடியும். பள்ளி என்று பெயர் வந்தாலும், பணம் கேட்டால் வைத்துவிட்டு, பதிந்த எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள்.