பிறர் தயவில் தங்காத ஒரு கண்

இரு நாடுகளின் கூட்டு என்றதும் ஆயுத ஒப்பந்தங்களே நம் நினைவுக்கு வருகின்றன. நான் இங்கே சொல்வது, சீனாவும் பிரேசிலும் 1988இல் செய்துகொண்ட செய்மதி உடன்படிக்கையைப் பற்றி.

தொடக்கத்தில் செலவில் 70 வீதம் சீனாவினது, 30 வீதம் பிரேசிலினது. பின்னர் அது சரிபாதியானது. பூமியைப் படம்பிடிக்கும் முதலாவது செய்மதி 1999 ஒக்டோபரில் சீனாவிலிருந்து ஏவப்பட்டது. 2013 டிசம்பரில் ஏவியது சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஓராண்டுக்குள் அடுத்ததை அனுப்பினார்கள்.

அமேசன் காட்டழிப்பைக் கண்காணிக்கப் பெரிதும் அமெரிக்கப் படங்களையே நம்பியிருந்த பிரேசிலுக்குச் சொந்தக் கண் கிடைத்தது. 2004 முதல் அப்படங்களை அது தன் மக்களுக்கு இலவசமாகவும் கொடுத்தது.

இதன் பெறுமதி எங்களுக்குப் புரியும். 2009இல் வன்னியில் நடந்தவற்றுக்கும் செய்மதிப் படங்கள் சாட்சியாயின. ஆனால் அவற்றை எப்போது, யாருக்குக் காட்டுவது என்று தீர்மானித்தவர்கள் நாங்கள் அல்ல.