இடைகழியும் மனை வகுக்கும் நெறியும்

கட்டடக் கலைக்கு உறுதி, பயன், அழகு என்னும் மூன்றும் அடிப்படை என உரோம நாட்டு விட்ருவியசு என்பார் கி. மு. முதல் நூற்றாண்டில் வகுத்துரைத்தார். இம்மூன்றும் ஒரு கட்டடத்தில் அமைதற்கு முதற்கண் வேண்டுவன திசையும் அளவும் ஆகும். இவ்விரண்டனையும் தமிழர் எவ்வாறு கண்டனர் என்பதை இலக்கியங் கொண்டும், மயிலாப்பூரில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் கொண்டும் ஈண்டு ஆராய்வோம்.

திசை கொள்ளும் முறையை நெடுநல்வாடை கூறுகின்றது. அரண்மனை வகுக்கப் புகுந்த சிற்பநூல் வல்லார், இரு கோல்களை நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் நூல் பிடித்துத் திசையை வரையறுத்தனர் என்பது அப்பாட்டால் பெறப்படும். அந்நாளைச் சித்திரைத் திங்களில் வைத்து உரைப்பர் நச்சினார்க்கினியர். சென்னை வட அகலாங்கு ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் 24, 25 ஆகிய நாள்களை ஒட்டி, அஃதாவது சித்திரையிலேயே, நண்பகற் கதிரவன் இங்கு நேர் உச்சியில் நிற்கின்றான். அன்று மாடவீதியில் ஒரு கோலை நட்டுக் காண்பார்க்கு இப்பகுதி உரையின்றியே விளங்கும்.

இனி, அளவு. கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சூழ்ந்த மாடவீதிகள் பங்குனிப் பெருவிழாவில் தேர் செல்ல இடந்தருவன. வீதிக்குத் தேர் அளவாதல் போல, வீட்டிற்கு மனித உடலே அளவாம். முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் மழை இரவொன்றில் ஓர் இடைகழியில் ஒதுங்கினர் என்பது வைணவ மரபு. அவருள் பேயாழ்வார் மயிலையில் தோன்றியவர். ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் அவ்விடம் போதியதாயிற்றாம். முழக்கோலைக் கூறாது உடலின் நிலைகளாலேயே ஓர் இடத்தின் அளவை இவ்வரலாறு உணர்த்துதல் கருதத்தக்கது.

இடைகழி என்பதே பேச்சு வழக்கில் ‘ரேழி’ என மருவிற்று. மயிலையின் பழைய வீடுகளில் அது வெயில் படும் திண்ணைக்கும் உள்ளே உள்ள கூடத்திற்கும் இடைப்பட்ட நிழல்வழியாய் அமைந்துள்ளது. வீடுகள் பக்கச் சுவரொட்டி நிற்றலின் ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வருகின்றன. தெரு, திண்ணை, இடைகழி, கூடம் எனப் படிப்படியே உட்செல்லும் இவ்வமைப்பில் வழிப்போக்கர்க்கும் விருந்தினர்க்கும் உற்றார்க்கும் தனித்தனி இடம் உண்டு.

இவ்வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்து வருகின்றன. இடைகழி என்னும் சொல் அகராதியில் நிற்கும். ஆயின் அதன் நீள அகலமும் நிழலும் அகராதியில் நில்லா. எனவே, எஞ்சிய வீடுகளை உரியவர் இசைவு பெற்று அளந்து, வரைந்து, உறுப்புக்களின் பெயர்களையும் கேட்டுக் குறித்து வைத்தல் தமிழ் பயிலும் மாணவர் கடமையாம் என்பது எம் கருத்து. உரைகாண்பதற்கு அவையும் சான்றாகும்.