இளையோர் நாவலும் இலக்கியப் பரிசும்

பிரித்தானியாவில் சிறுவர், இளையோர் நூல்களுக்கு வழங்கப்படும் பரிசுகளுள் மிகப் பழைமையானது கார்னெகி பதக்கம். 1936 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பதக்கத்துக்குரிய நூலைத் தெரிவு செய்வோர் பேராசிரியர்களோ விமர்சகர்களோ அல்லர். சிறுவர் பகுதிகளில் பணியாற்றும் நூலகர்களே அதனைச் செய்கின்றனர். 2014 ஆம் ஆண்டு அவர்கள் கெவின் புரூக்ஸ் எழுதிய 'பங்கர் டயரி' என்ற நாவலைத் தெரிவு செய்தபோது பெரும் சர்ச்சை மூண்டது. இத்தகைய நாவலொன்றின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அச்சர்ச்சையை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

பங்கர் என்ற சொல்லுக்கு நமது வாசகர்களிடம் விளக்கம் கூறத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறையே உயிர் தப்புவதற்காக அதற்குள் ஒடுங்கியிருந்தது. புரூக்ஸின் பங்கரோ புகலிடமன்று, சிறை. வீட்டை விட்டு வெளியேறி லண்டன் தெருக்களில் வாழும் லைனஸ் என்ற பதினாறு வயதுச் சிறுவன், பார்வையற்றவர் போல் நடித்த ஒருவனுக்கு உதவச் சென்று கடத்தப்படுகின்றான். கண் விழிக்கும்போது நிலத்தடியில் ஜன்னல்களற்ற ஓரிடத்தில் கிடக்கின்றான். மேலேயிருந்து வரும் மின்தூக்கியைத் தவிர வெளியுலகத் தொடர்பு எதுவுமில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஜெனி உட்பட மேலும் ஐவர் ஒருவர் பின் ஒருவராக அங்கு வந்து சேர்கின்றனர். கடத்தியவன் யார், ஏன் கடத்தினான் என்பது இறுதிவரை கூறப்படுவதில்லை. மீட்பும் இல்லை. லைனஸின் நாட்குறிப்பு இருளில் அறுந்து போவதுடன் நாவல் முடிவடைகின்றது.

சிறிதும் நம்பிக்கையளிக்காத இக்கதை இளம் மனங்களுக்கு ஆபத்தானது என்றும், பதக்கம் பெறுவதற்கு எவ்வகையிலும் தகுதியற்றது என்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் கண்டனங்கள் எழுந்தன. முடிவு மிக இருண்டது என்ற காரணத்தினாலேயே பதிப்பாளர்கள் பல வருடங்களாக இந்நூலை ஏற்கத் தயங்கியதாக ஆசிரியரே கூறியிருக்கின்றார். 2013 இல்தான் அது அச்சேறியது.

கண்டித்தவர்கள் இரு வேறு கேள்விகளை ஒன்றாகப் பிணைத்து விட்டனர் என்பது எமது கருத்து. நாவல் கலைப்படைப்பாகத் தேறியுள்ளதா என்பது ஒன்று. அதனை எந்த வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்பது மற்றொன்று. பின்னையதைத் தீர்மானிக்க வேண்டியோர் பெற்றோரும் ஆசிரியரும் பாடசாலை நூலகரும் ஆவர். நடுவரின் பொறுப்பு முன்னையதாகும். கார்னெகிப் பதக்கத்தின் விதிகளும் கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு, நடை ஆகியவற்றையே நோக்கும்படி கேட்கின்றன. வாசித்து முடித்த பின்னரும் நீங்காது நிற்கும் ஓர் அனுபவத்தை நூல் அளிக்க வேண்டுமென்றும் அவை எதிர்பார்க்கின்றன. நற்போதனை பற்றி அங்கு பேச்சில்லை.

அவ்வாறு பார்த்தால் முடிவைத் தனியே பிரித்தெடுத்துக் குறை கூறுவது பொருந்தாது. இது நாட்குறிப்பு வடிவ நாவல். லைனஸ் அறியாத எதனையும் வாசகன் அறிய முடியாது. கடைசி அத்தியாயத்தில் பொலிஸார் கதவை உடைத்து உள்ளே வந்து கடத்தியவனின் வரலாற்றையும் விளக்கியிருந்தால், அதுவரை கட்டிய வடிவத்தையே ஆசிரியர் தம் கையால் இடித்தவராவார். சிலருக்கு அது ஆறுதலளித்திருக்கலாம். நாவலோ பொய்த்துப் போயிருக்கும். மேலும், நம்பிக்கை அறவே இல்லை என்பதும் சரியன்று. எந்தப் பயனும் கிட்டாது எனத் தெரிந்த பின்னரும் லைனஸ் ஜெனியைப் பராமரிப்பதைக் கைவிடுவதில்லை. அந்தப் பக்கங்களில் நாவல் அடையும் உயரத்தைக் கண்டனம் எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. வளர்ந்தோராக வரும் பாத்திரங்களுள் ஓரிருவர் தத்தமது தீய குணத்தின் பெயர்ப்பலகைகளாகவே நின்று விடுகின்றனர். நாம் அக்குழுவில் இருந்திருந்தால் இதனைச் சுட்டிக்காட்டியிருப்போம். ஆயினும் பதக்கத்தை மறுத்திருக்க மாட்டோம்.

1996 ஆம் ஆண்டுக்கான இதே பதக்கம், ஹெரோயினுக்கு அடிமையாகும் பதின்ம வயதினரைப் பற்றிய மெல்வின் பேர்ஜஸின் 'ஜங்க்' நாவலுக்குக் கிடைத்தபோதும் இத்தகைய எதிர்ப்புக் கிளம்பியது. இளையோருக்குத் துயரம் தெரியக்கூடாது என்னும் வாதம் எமது நாட்டில் இன்னும் விசித்திரமாக ஒலிக்கும். 1990 இல் சில மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகளும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து முகாம்களுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் எந்த நாவலிலிருந்தும் அதனைக் கற்றவர்களல்லர்.

பல வருடங்களுக்கு முன்னர் இளையோர் நாவற் போட்டியொன்றின் நடுவர் குழுவில் நாமும் அங்கம் வகித்தோம். இறுதிச் சுற்றுக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளுள் ஒன்று, காணாமற்போன தமையனைத் தேடும் சிறுமியின் கதை. தமையன் திரும்பி வருவதில்லை. நடை, பாத்திரங்கள், பேச்சு வழக்கு ஆகிய மூன்றிலும் அதற்கு ஈடான பிரதி வேறொன்று இருக்கவில்லை. மாணவருக்கு நல்லதொரு செய்தியைச் சொல்லவில்லை என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஏனையோர் தலையசைத்தனர். பரிசு வேறொரு பிரதிக்குச் சென்றது. அந்த முடிவின் கீழ் எமது கையொப்பமும் இருக்கின்றது. நிராகரிக்கப்பட்ட பிரதியை நூலாக நாம் இன்றுவரை எங்கும் காணவில்லை.